மருமகளைக் குறை சொல்லுமுன்: மாம்புரி மாதர் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான உம்மாமாருக்கும் அம்மாமாருக்கும், கூட்டத்தில் பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் மருமக்கள்மாருக்கும்,

எங்கள் பக்கத்தில் "மூளையில் கட்டி" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அந்த வீட்டில் அழுகை தொடங்கிவிடும். அடுத்த நாளே தோட்டத்தை ஈடுவைக்கலாமா, ஆர் இந்தியாவுக்குக் கூட்டிப்போவது என்ற பேச்சு வரும். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தாதியாக வேலைபார்த்து ஓய்வுபெற்ற எனக்கு இந்தப் பயம் பழக்கமானது. ஆனால் எல்லாக் கட்டியும் ஒன்றல்ல. மூளைக்கு அடியில், மூக்கின் பின்பக்கம் முடியும் இடத்தில், ஒரு பட்டாணியளவு சுரப்பி இருக்கிறது. பிள்ளைகளின் ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்தில் அதற்குப் பெயர் கபச்சுரப்பி. டொக்டர்மார் பிட்யூட்டரி என்பார்கள். நிறை ஒரு கிராமுக்கும் குறைவு. அதில் வரும் கட்டிகளைப் பற்றித்தான் இந்த மடல். அவை ஏறக்குறைய எல்லாமே புற்றுநோய் அல்லாதவை. மெதுவாக வளர்பவை. சிலதுக்குக் கத்தியே வேண்டாம், வாரத்தில் இரண்டு நாள் மாத்திரை போதும்.

அப்படியென்றால் ஏன் இத்தனை பேர் இதனால் கண் கெட்டு, பிள்ளையில்லாமல், இளவயதிலேயே எலும்பு நொறுங்கிக் கஷ்டப்படுகிறார்கள்? கட்டி கண்டுபிடிபடப் பிந்துவதால். கண்டுபிடிக்கப் பிந்துவதற்கு ஒரு பாதிக் காரணம் டொக்டர்மார் என்றால், மறுபாதி நாங்கள்தான், நாங்கள் மறைக்கும் விசயங்கள்தான். அதைச் சொல்லத்தான் மாதர் சங்கத்துக்கு எழுதுகிறேன். ஆண்கள் சங்கத்துக்கு எழுதினால் வாசித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள்.

முதலில் அந்தச் சுரப்பியின் வேலை. கரைவலை இழுக்கும்போது சம்மாட்டி தானாக வலை இழுப்பதில்லை. அவர் குரல் கொடுக்க மற்றவர்கள் இழுப்பார்கள். கபச்சுரப்பியும் அப்படித்தான். கழுத்திலுள்ள தைரொயிட்டுக்கு, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பிக்கு, பெண்ணின் சூலகத்துக்கு, ஆணின் விதைக்கு எல்லாம் கட்டளை இங்கிருந்து போகிறது. பிள்ளை வளர்வதற்கான வளர்ச்சி ஹோர்மோன், தாய்க்குப் பால் சுரக்கச் செய்யும் புரோலக்டின், சிறுநீர் அளவோடு போவதற்கான ஹோர்மோன் எல்லாம் இங்கிருந்தே வருகின்றன. இந்தச் சின்ன இடத்தில் ஒரு கட்டி வந்தால் மூன்று விதமாகத் தொல்லை தரலாம். ஏதோ ஒரு ஹோர்மோனை அளவுக்கு மிஞ்சிச் சுரக்கும். அல்லது நல்ல சுரப்பியை நெருக்கி, வரவேண்டிய ஹோர்மோன்களைக் குறைத்துவிடும். அல்லது மேல்நோக்கி வளர்ந்து, சரியாக அதன் தலைக்கு மேலே குறுக்காக ஓடும் கண் நரம்பை அழுத்தும். சிலருக்கு மூன்றும் சேர்ந்தே வரும்.

இது அபூர்வ நோய் என்று நினைக்காதீர்கள். பெல்ஜியம் நாட்டின் லியேஜ் பகுதியில் வீடுவீடாகக் கணக்குப் பார்ப்பதுபோல் தேடி, 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு ஒருவருக்குத் தொல்லை தரும் கபச்சுரப்பிக் கட்டி இருந்தது. தொல்லை எதுவும் தராத மிகச் சின்னக் கட்டிகள் இன்னும் பல மடங்கு. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாக அகப்படும். அவற்றில் பலவற்றைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். பத்து மில்லிமீற்றர் என்பதை டொக்டர்மார் ஒரு கோடாக வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே சின்னது, அதற்கு மேலே பெரியது.

இனி உங்களுக்கு மிகவும் கிட்டவான விசயத்துக்கு வருகிறேன்.

வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பிய ஒரு பிள்ளை, கலியாணமாகி வருடங்கள் போயும் குழந்தையில்லை என்று கிளினிக்குக்கு வந்தாள். கூட வந்தது மாமி. பேசியதும் மாமிதான். எந்தெந்த இடத்தில் ஓதி ஊதியது, எத்தனை இசும் கட்டியது, தலவில அன்னம்மாள் கோயிலுக்குக்கூட பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவப் பெண்ணோடு அனுப்பிப் பார்த்தது என்று முழுப் பட்டியல். பிள்ளை குனிந்த தலை நிமிரவில்லை. பீரியட்ஸ் எப்படி என்று கேட்டதற்கும் மாமியே "அது ஒழுங்கில்லை, அங்கத்தைய சூடு" என்றார். திரைக்குப் பின்னால் பரிசோதனைக்கு உடுப்பைக் கழற்றும்போதுதான் பார்த்தேன். உள்ளாடைக்குள் நாலாக மடித்த பழைய சாறித்துண்டு, இரண்டு பக்கமும். ஈரம். பால்.

எவ்வளவு காலமாக என்று கேட்டேன். வெளிநாட்டில் இருக்கும்போதே தொடங்கிவிட்டதாம். பிள்ளை பெறாதவளுக்குப் பால் வருகிறது என்று அங்கே வெளியே தெரிந்தால் என்ன பெயர் வைப்பார்கள் என்ற பயம். இங்கே வந்தபின் மாமிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம். பார்த்த ஒரு டொக்டரிடமும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. மாதவிடாய் நிற்பதையும் குழந்தை இல்லாததையும் தலையிடியையும் தனித்தனியாகச் சொன்னாள், ஆளுக்கொரு மாத்திரை வாங்கினாள். பாலை மட்டும் துணிக்குள் மடித்து வைத்துக்கொண்டாள். அந்த ஒன்றைச் சொல்லியிருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் விடை கிடைத்திருக்கும்.

கபச்சுரப்பிக் கட்டிகளில் ஆகக் கூடுதலாகக் காணப்படுவது இதுதான்: புரோலக்டினைக் கூடுதலாகச் சுரக்கும் கட்டி. உடம்பு, பால் கொடுக்கும் தாய் என்று தன்னை நினைத்துக்கொள்கிறது. அதனால் சூலகத்துக்குப் போகவேண்டிய கட்டளை நின்றுபோகிறது. முட்டை முதிர்வதில்லை, மாதவிடாய் தள்ளிப்போகிறது அல்லது நிற்கிறது. எல்லாருக்கும் பால் வரும் என்றில்லை. சிலருக்கு மாதவிடாய்க் குழப்பம் மட்டும்தான்.

சிகிச்சை அந்தப் பிள்ளைக்கு மாத்திரை. புரோலக்டின் இரத்தப் பரிசோதனை, பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேன், பிறகு கபர்கோலின் என்ற மாத்திரை, வாரத்தில் இரண்டு தரம். விலை குறைந்த பழைய மருந்து புரோமோகிரிப்டின். அது தினமும் போடவேண்டும், குமட்டலும் கொஞ்சம் கூட. எதைப் போட்டாலும் இரவில், சாப்பாட்டோடு போட்டுவிட்டுப் படுப்பது நல்லது. முதல் நாட்களில் எழும்பி நின்றால் தலை சுற்றும். இந்த மாத்திரைகள் ஹோர்மோனைக் குறைப்பதோடு நிற்பதில்லை, கட்டியையே சுருக்கும். மாதவிடாய் திரும்ப வந்தது, பிறகு குழந்தையும் வந்தது. மாமி எல்லா நேர்த்தியையும் ஒன்றுவிடாமல் நிறைவேற்றினார். மாத்திரைக்கு மட்டும் ஒரு நன்றியும் கிடைக்கவில்லை. போகட்டும்.

இதில் கவனமாயிருக்க வேண்டிய இடம் ஒன்று. மாத்திரை தொடங்கியபின், மாதவிடாய் வருமுன்னரேகூடக் கர்ப்பம் தங்கலாம், ஏனென்றால் முட்டை முதலில் வரும், மாதவிடாய் அதற்குப் பிறகுதான். ஆகவே அந்த நேரத்தில் சந்தேகம் வந்தால் உடனே பரிசோதியுங்கள். கர்ப்பம் உறுதியானால் சின்னக் கட்டியுள்ள பெரும்பாலானோருக்கு டொக்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்வார். நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். கர்ப்ப காலத்தில் தலையிடி கூடினாலோ பார்வை மங்கினாலோ அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது.

பால் வந்தால் எல்லாம் கட்டி என்று பயந்துவிடவும் வேண்டாம். குழந்தை பால் மறந்த பிறகும் பல மாதம் கொஞ்சம் கசியலாம். தைரொயிட் குறைந்தாலும் புரோலக்டின் ஏறும். மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகளாலும் ஏறும். இதைவிட முக்கியம், வயிற்றுப் பொருமலுக்கும் வாந்திக்கும் எங்கள் பார்மசிகளில் துண்டில்லாமலே வாங்கும் டொம்பெரிடோன் மாத்திரையும் ஏற்றும். மாதக்கணக்கில் அதை விழுங்கிவிட்டு ஸ்கேனுக்கு அலைந்தவர்களைக் கண்டிருக்கிறேன். போடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு டொக்டரிடம் கொண்டுபோங்கள். மார்பின் ஒரு பக்கத்தில் மட்டும் இரத்தம் கலந்து வந்தால் அது வேறு கதை. அதற்கு மார்புப் பரிசோதனை வேண்டும். சுகவனிதையர் கிளினிக்கில் உடனே காட்டுங்கள்.

ஆண்களுக்கும் இதே கட்டி வரும். அவர்களுக்கு மாதவிடாய் இல்லை, அறிகுறி காட்டிக்கொடுக்க. ஆசை குறைகிறது, உறவு முடியாமல் போகிறது, தாடி மெல்லிதாகிறது, எப்போதும் களைப்பு. எந்த ஆண் இதை வாய் திறந்து சொல்வான்? புத்தளம் டவுனில் சுவரொட்டியில் உள்ள லேகியத்தை வாங்கித் தின்பான், பிள்ளையில்லாததற்கு மனைவியைக் குறை சொல்வான், கண்ணில் இருள் விழும்போது ஆஸ்பத்திரிக்கு வருவான். அதனால்தான் ஆண்களில் இந்தக் கட்டி பெரியதாக வளர்ந்த பிறகே பெரும்பாலும் அகப்படுகிறது. நல்ல செய்தி, பெரிய கட்டியும் இந்த மாத்திரைக்குச் சுருங்கும். என் கருத்து இது: கபச்சுரப்பியில் கட்டி என்று ஸ்கேன் சொன்னதும், புரோலக்டின் அளவு பார்க்காமல் ஒருவரும் ஒப்பரேஷனுக்குச் சம்மதிக்கக் கூடாது. அந்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று நீங்களே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பிள்ளையில்லாத வீட்டில் மருமகளை மட்டும் கிளினிக்குக்கு அனுப்பும் பழக்கத்தை மாற்றுங்கள் என்று பலதடவை சொல்லியிருக்கிறேன். மகனையும் அனுப்புங்கள்.

அடுத்தது வளர்ச்சி ஹோர்மோன் கூடுதலாகச் சுரக்கும் கட்டி. இது எங்கள் கரையில் ஒளிந்துகொள்ள நல்ல இடம் இருக்கிறது: தொழிலாளியின் கை. கடலுக்குப் போகிறவனின் கை தடித்துத்தான் இருக்கும், வெங்காயத் தோட்டத்தில் நிற்பவனின் பாதம் அகலமாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் வளர்ந்து முடிந்த நாற்பது வயது மனிதனுக்கு செருப்பு நம்பர் எட்டிலிருந்து பத்துக்குப் போவதேன்? கலியாண மோதிரம் சவர்க்காரம் போட்டாலும் கழலாததேன்? கீழ்த்தாடை முன்னுக்கு வருகிறது, பல்லுக்கிடையில் இடைவெளி விழுகிறது, நாக்கு தடிக்கிறது, நித்திரையில் குறட்டை வீட்டை நடுக்குகிறது, வியர்வை ஓடுகிறது, விரல்கள் விறைக்கின்றன, சீனி வருத்தமும் பிரஷரும் வருகின்றன. இவை இவ்வளவு மெதுவாக வருவதால் கூட வாழும் மனைவிக்கே தெரிவதில்லை. பிரான்ஸ் டொக்டர் பியேர் மரி 1886இல் இதை அக்ரோமெகலி என்று விவரித்தார். இன்றுங்கூட இது கண்டுபிடிபட அஞ்சு, பத்து வருடம் ஆவது சாதாரணம்.

இதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது, செலவில்லாதது. ஓ.எல். சோதனை எழுத எடுத்த தேசிய அடையாள அட்டைப் படத்தை எடுத்து, இன்றைய முகத்தின் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். வயதாவது வேறு, மூக்கும் உதடும் புருவ எலும்பும் பெருப்பது வேறு. பிறகு கலியாணப் படத்தையும் பாருங்கள். சந்தேகமிருந்தால் அந்தப் படங்களையே டொக்டரிடம் கொண்டுபோங்கள்; நல்ல டொக்டர் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார். மற்றதை ஐ.ஜி.எஃப்.-1 என்ற இரத்தப் பரிசோதனையும், குளுக்கோஸ் கரைசல் குடித்துவிட்டு வளர்ச்சி ஹோர்மோன் குறைகிறதா என்று பார்க்கும் சோதனையும் சொல்லும்.

சிறுவர்களுக்கு எலும்பு வளர்ச்சி முடியுமுன் இது வந்தால் உயரம் ஏறிக்கொண்டே போகும். உலகத்திலேயே உயரமானவர் என்று பெயரெடுத்த துருக்கி நாட்டு சுல்தான் கோசெனின் உயரம் 251 சென்ரிமீற்றர். 2010இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கட்டிக்குக் கதிர்ச் சிகிச்சை கொடுத்த பிறகுதான் அவர் வளர்வது நின்றது. இந்தியாவின் மல்யுத்த வீரர் 'கிரேட் காளி'யும் இதே கட்டிக்காக 2012இல் அமெரிக்காவில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்தான். ரீவியில் அவரைப் பார்த்துக் கைதட்டிய எத்தனை பேருக்கு அது தெரியும்? வகுப்பில் எல்லாரையும் விடச் சட்டென்று உயர்ந்து, தலையிடி என்றும் சொல்லும் பிள்ளையை வொலிபோல் டீமில் சேர்ப்பதற்கு முன் டொக்டரிடம் காட்டுங்கள்.

"இது பரம்பரையா?" என்று கேட்பீர்கள். பெரும்பாலும் இல்லை. ஆனால் அயர்லாந்தின் ராட்சதன் என்று பெயர்பெற்ற சார்ல்ஸ் பேர்ன் என்ற மனிதரின் கதை சொல்லவேண்டும். அவர் 1783இல் இலண்டனில் இறந்தார். தன் உடம்பை மருத்துவர்கள் வெட்டிப்பார்க்கக் கூடாது, கடலில் அடக்கம் செய்யுங்கள் என்று கேட்டிருந்தார். ஆனால் ஜோன் ஹன்ரர் என்ற பிரபல சேர்ஜன் காசு கொடுத்து உடலைக் கைப்பற்றி, எலும்புக்கூட்டைத் தன் காட்சிச்சாலையில் வைத்துவிட்டார். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அது அங்கேதான். அவருடைய பல்லிலிருந்து எடுத்த மரபணுவை 2011இல் ஆராய்ந்தபோது, இந்தக் கட்டிக்குக் காரணமான ஒரு மரபணுக் கோளாறு அகப்பட்டது. வட அயர்லாந்தில் இன்று வாழும் சில குடும்பங்களிலும் அதே கோளாறு இருந்தது, ஒரே மூதாதையர். 2023இல் அந்தக் காட்சிச்சாலை திரும்பத் திறந்தபோது எலும்புக்கூட்டைப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கடலில் சேர்க்கவில்லை. மையித்தை மண்ணில் சேர்ப்பது எவ்வளவு பெரிய கடமை என்று தெரிந்த எங்களுக்கு இது மனதைக் குடையும் கதை. அந்த மனிதரின் எலும்பால் சிலருக்கு இன்று முன்கூட்டியே நோய் தெரிகிறது என்பதும் உண்மைதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் மனம் சமாதானமாகவில்லை.

காரணம் பற்றி இன்னொரு கேள்வி கட்டாயம் வரும்: நுரைச்சோலை மின்நிலையப் புகை. நிலக்கரிச் சாம்பலால் நெஞ்சுக்கும் தோலுக்கும் தோட்டத்துக்கும் என்ன தீங்கு என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது, கேட்டுக்கொண்டே இருங்கள். ஆனால் கபச்சுரப்பிக் கட்டியை அதன் தலையில் கட்ட ஆதாரமில்லை. மாம்புரிக் காற்றாலைக் காற்றாடிகளின் இரைச்சலும் காரணமில்லை. ஜின்னும் இல்லை.

இன்னொரு வகைக் கட்டிக்கு அடையாளம் வேறு. முகம் உருண்டை, வயிறு பருமன், கைகால் மெலிவு, வயிற்றிலும் தொடையிலும் ஊதாக் கோடுகள், தொட்டாலே கண்டிப்போகும் தோல், பிரஷர், சீனி, மனம் சரியில்லாமை, சின்ன விழுகைக்கே முறியும் எலும்பு: இது குஷிங் நோய். ஹார்வி குஷிங் என்ற அமெரிக்கச் சேர்ஜன் 1932இல் இதற்குக் கபச்சுரப்பியிலுள்ள சின்னக் கட்டியே காரணம் என்று எழுதினார். ஆனால் எங்கள் ஊர்களில் இதே முகத்தைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது வேறு: என்ன கிரீம் பூசுகிறாய்? முட்டுவலிக்கு லேபல் இல்லாத எந்தத் தூளைத் தின்கிறாய்? இழுப்புக்கு எத்தனை காலம் பிரெட்னிசோலோன் போடுகிறாய்? வெள்ளையாக்கும் கிரீம்களிலும் பெயரில்லாத மருந்துகளிலும் கலக்கும் ஸ்டீரொயிட் இதே உருவத்தைத் தரும், கட்டியைவிட அதிகமான பேருக்கு. கண்டுபிடித்ததும் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். உடம்பு தன் சொந்த ஸ்டீரொயிட்டைச் சுரக்க மறந்திருக்கும். டொக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும்.

எந்த ஹோர்மோனையும் சுரக்காமல் சும்மா வளரும் கட்டிகளும் உண்டு. அவை கண்ணில்தான் கைவைக்கும். நேரே பார்ப்பது சரியாயிருக்கும், இரண்டு கண்ணின் வெளிப்பக்கமும் போய்விடும். ஆள் கதவுநிலையில் தோள் இடிப்பார், பக்கத்தில் வைத்த தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிடுவார், பாலாவி றோட்டில் மோட்டர்சைக்கிள் ஓட்டும்போது ஒழுங்கையிலிருந்து வரும் வாகனத்தைக் காணமாட்டார். கண்ணாடிக் கடைக்குப் போனால் நேர்ப்பார்வை எழுத்தைப் படித்துக் கண்ணாடி வாங்கி வருவார், குறை அப்படியே இருக்கும். வீட்டில் இப்படிப் பாருங்கள். ஒரு கை நீளத் தூரத்தில் முகத்துக்கு முகம் உட்காருங்கள். அவர் வலது கண்ணைப் பொத்தட்டும், நீங்கள் இடது கண்ணைப் பொத்துங்கள். அவர் உங்கள் மூக்கையே பார்க்க, உங்கள் இருவருக்கும் நடுவே, வெளிப்பக்கமிருந்து விரலை அசைத்து உள்ளே கொண்டுவாருங்கள். உங்களுக்கு விரல் தெரிந்த பிறகும் அவருக்குத் தெரியவில்லையென்றால், மறுகண்ணிலும் வெளிப்பக்கம் அதேபோல் இருந்தால், தாமதிக்காதீர்கள். கண் டொக்டரிடம் "பக்கப் பார்வை போகிறது" என்று அந்தச் சொல்லாலேயே சொல்லுங்கள். புலப்பரப்புப் பரிசோதனை செய்வார்கள்.

இவை எல்லாவற்றிலும் உயிருக்கு உடனே ஆபத்தான நேரம் ஒன்று உண்டு. கட்டிக்குள் திடீரென இரத்தம் கசிந்தால், வாழ்நாளில் வராத தலையிடி, வாந்தி, பார்வை இரட்டையாவது, கண்ணிமை விழுவது, மயக்கம். அந்த நேரத்தில் ஒற்றைத் தலையிடி என்று பனடோல் கொடுத்துப் படுக்கவைக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

கட்டியில்லாமலும் இந்தச் சுரப்பி செத்துப்போகலாம். அந்தக் காலத்தில் வீட்டில் பிள்ளை பெற்று, அளவுக்கு மீறி இரத்தம் போய்ப் பிழைத்த மூத்தம்மாமாரில் சிலருக்குப் பால் சுரக்கவே இல்லை, மாதவிடாய் திரும்பவில்லை, குளிர் தாங்காது, சாகும்வரை சோர்வு. "பிள்ளைப்பேற்றில் உடம்பு உடைந்துபோச்சு" என்று சொல்லி விட்டுவிட்டார்கள். ஷீஹன் என்ற மருத்துவர் 1937இல் இதை விவரித்தார். இரத்த ஓட்டம் குறைந்து கபச்சுரப்பி இறப்பதுதான் காரணம். இன்னொன்று, தோட்டத்தில் நிற்கும் உங்களுக்கு: கண்ணாடிவிரியன். அது தீண்டிப் பிழைத்தவர்களில் சிலருக்குக் கபச்சுரப்பி பழுதாவதை பர்மாவில் 1987இல் எழுதினார்கள். இலங்கையிலும் 2011இல் அப்படி ஒரு நோயாளி பற்றி வெளிவந்தது. பாம்பு கடித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, மாதக்கணக்கில் சோர்வும் மாதவிடாய் நிற்பதும் ஆசையற்றுப்போவதும் இருந்தால், "பழைய பாம்புக்கடி" என்ற வார்த்தையை டொக்டரிடம் சொல்ல மறக்கவேண்டாம். தைரொயிட்டுக்கு டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் இந்த நோயில் அது சரியாக இருப்பதுபோலத் தெரியலாம். டி4 என்பதையும் பார்க்கவேண்டும்.

சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் தலையைத் திறப்பார்கள் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் மூக்கு வழியாகவே போகிறார்கள். 1907இல் ஒஸ்ரியாவில் ஷ்லோஃபர் என்பவர் முதன்முதலில் அந்த வழியைத் தொட்டார். இன்று நுண்கமராவை மூக்குக்குள் விட்டுச் செய்கிறார்கள். மொட்டையடிப்பதில்லை. வெளியே தழும்பு இல்லை. பிறகு மூக்கிலிருந்து தெளிந்த தண்ணி சொட்டினாலோ, தாகம் அடங்காமல் லீற்றர் கணக்கில் சிறுநீர் போனாலோ வார்ட்டில் உடனே சொல்லவேண்டும். இரண்டுக்கும் வழி இருக்கிறது. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் ஹோர்மோன் நிபுணர்களும் நரம்புச் சத்திரசிகிச்சைப் பிரிவும் இருக்கின்றன, கட்டணம் இல்லை. இங்கிருந்து 150 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கிய நரம்புச் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு எங்கள் ஆட்கள் தலைமுறையாகப் போகிறார்கள், குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முதல் ஸ்கேன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே தோட்டத்தை விற்பது அவசரம். கொழும்பில் நிபுணர் ஒருவர் பார்க்கட்டும். பலருக்கு மாத்திரையோடு முடிந்துவிடும்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு ஹைட்ரோகோர்ட்டிசோன் மாத்திரை வாழ்நாள் முழுதும் தேவைப்படும். குஷிங் முகத்தைத் தரும் ஸ்டீரொயிட் என்று பயந்து அதை நிறுத்தாதீர்கள்; இது உடம்புக்கு வேண்டிய அளவு மட்டும். காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்கவேண்டும், வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் ஊசிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். "ஸ்டீரொயிட் போடுகிறவர்" என்று எழுதிய அட்டை பேர்ஸில் இருக்கட்டும். நோன்பு மாதத்தில் இவர்கள் தாங்களாக நோன்பு பிடிக்கக் கூடாது. றமழானுக்குப் பல வாரம் முன்பே கிளினிக்கில் கேளுங்கள். சிலருக்கு சஹருக்கும் நோன்பு திறக்கும்போதும் மாத்திரையை மாற்றிக்கொடுத்து முடியும், சிலருக்கு முடியாது. நோன்போடு தலை சுற்றி, வாந்தி வந்து, நித்திரை மயக்கமானால் அந்த இடத்திலேயே நோன்பை விட்டுவிட்டு மாத்திரை கொடுங்கள், உடனே ஊசிக்கு ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோங்கள். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது என்பதை மௌலவிமார் உங்களுக்கு என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

கடைசியாக உங்கள் சங்கத்திடம் கேட்பது. தோலுக்கு ஒரு டொக்டர், மாதவிடாய்க்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர், முட்டுக்கு ஒருவர் என்று போகும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுதான் தெரிகிறது. ஒரு கிளினிக் கொப்பியில் எல்லாவற்றையும் எழுதுங்கள்: எப்போதிருந்து தலையிடி, எப்போது மாதவிடாய் தள்ளியது, செருப்பு நம்பர், மார்பில் பால், உறவில் குறை, பார்வை. வெட்கமான விசயத்தை வாயால் சொல்ல முடியாவிட்டால் எழுதி நீட்டுங்கள், டொக்டர் வாசிப்பார். மருமகள் உள்ளே போகும்போது மாமி வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கட்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். வருகிறேன். அடையாள அட்டையையும் ஒரு பழைய படத்தையும் எல்லாரும் கொண்டுவாருங்கள். விரல் சோதனையை இருவர் இருவராகச் செய்து பழகுவோம். ஆண்களையும் வரச்சொல்லுங்கள், பிந்தி வந்தாலும் பரவாயில்லை. தேத்தண்ணிக்கு சீனி குறைவாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி உத்தியோகத்தர் ஒருவர்